கல்லுக்கும் காலுக்கும் இடையே

காலணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழுவில் உள்ள நண்பர் சிரித்துவிட்டார். "கவிதை எழுது, சிறுகதை எழுது, போயும் போயும் செருப்பைப் பற்றியா?" என்று கேட்டார். ஒரு சோடிக் காலணியைப் பார்த்து வாங்கத் தெரியாமல், கல்லூரி வாழ்வின் கடைசிப் பந்தயத்தைப் பறிகொடுத்தவன் நான். கவிதை எழுதும் மனநிலை எனக்கு எங்கிருந்து வரும்?

ஆதலால், நெடுந்தூரம் ஓடுவோரும் காடு மலை என்று நடப்போரும் மெத்தை வைத்த காலணியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை, நான் பட்டதையும் பின்னர்ப் படித்ததையும் கொண்டு இங்கே எழுதுகிறேன். மெத்தை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதை முதலில் பார்க்காதீர்கள், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பாருங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீடு ராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த ஒரு சந்தில் இருக்கிறது. ஓடுவதற்குப் புல்தரை தேடிக்கொண்டிருந்தால் எங்கள் பகுதியில் பொழுது விடிந்துவிடும். ஆகவே காலை நான்கரை மணிக்கெல்லாம் புறப்பட்டுக் காசிமேட்டைக் கடந்து, கடலோரச் சாலையில் திருவொற்றியூர் வரை போய்த் திரும்புவேன். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் தேறும். மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில் பனிக்கட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மீன் செதிலும் சேர்ந்துவிட்டால் வழுக்குப்பாறை தோற்றது. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள். காலுக்குக் கீழே முழுவதும் தாரும் சிமெண்டும்தான்.

இத்தகைய தரையில் ஓடும்போது காலுக்கு நேர்வது என்ன? நடக்கையில் பாதம் ஊன்றும் விசை உடல் எடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். ஓடுகையிலோ அது எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. என் எடை 58 கிலோ. எனவே ஒவ்வோர் அடியிலும் என் ஒற்றைக் கால் தாங்குவது 116 முதல் 174 கிலோ வரை. ஓரடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பத்துக் கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் அடிகள். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி கூட இத்தனை நடை சுமப்பதில்லை.

முதலாண்டில் நான் ஓடியது பள்ளிக்கூடத்து வெள்ளைக் கான்வாஸ் காலணியில். மெல்லிய ரப்பர் அடி, அதற்கு மேல் துணி, அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டது. இரண்டாம் ஆண்டில் அம்மா சீட்டு எடுத்தார். "ஓடுற புள்ள, நல்லதா ஒரு பூட்ஸ் வாங்கிக்கோ" என்று அதிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். மீன் விற்று, நாள்தோறும் ஒதுக்கிச் சேர்த்த பணம். அதை எடுத்துக்கொண்டு நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் எதற்கு?

"அமுக்கிப் பாருங்க தம்பி, பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார் விற்பனையாளர். கட்டைவிரலால் அமுக்கினேன், அமுங்கிற்று. போட்டுக்கொண்டு நின்றேன், மிதப்பதுபோல் இருந்தது. பெட்டியின்மேல் பனிமலைச் சிகரம் ஒன்றின் படம் வேறு! பள்ளி நாளிலிருந்து என் அளவு எட்டு. எட்டே வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர்ச் சாலையில் அந்தக் காலணியில் ஒரு குறையும் இல்லை. இரண்டே மாதத்தில் முன்னெலும்பு வலி போன இடம் தெரியவில்லை. சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் இறுக்கியது. புதுச் செருப்பு கடிப்பது இயல்புதானே என்று விட்டுவிட்டேன்.

நிற்க. எங்கள் எண்ணூரில் வந்து கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் பூண்டி நீர்த்தேக்கம் வரும். அதற்கும் அப்பால் அதே ஆற்றங்கரை வட்டாரத்தில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த இடம் அது. சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. அதன் அருகே அல்லிக்குழி மலைத்தொடரில் உள்ளவை குடியம் குகைகள். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களுள் குடியமும் ஒன்று. வரலாற்றுத் துறை மூன்றாமாண்டு மாணவர்களாகிய எங்களைப் பேராசிரியர் வனத்துறையின் அனுமதி பெற்று அங்கே அழைத்துச் சென்றார். மலை என்றதும் நான் மகிழ்ச்சியோடு மெத்தைக் காலணியை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். பெட்டியில் மலைப்படம் இருந்ததே!

குடியத்துப் பாதை எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அந்த மலையே கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறையால் ஆனது. மழையும் வெயிலும் அரிக்க அரிக்க, கற்கள் விடுபட்டுப் பாதையெங்கும் கிடக்கின்றன. கோழிமுட்டை அளவில் சில, தேங்காய் அளவில் சில. அனைத்தும் உருண்டை, அனைத்தும் வழுவழுப்பு. கோடரி செய்யக் கல் கிடைக்காமல் ஆதிமனிதன் அலைந்திருக்க மாட்டான். கால் வைக்க இடம் கிடைக்காமல் நான்தான் அலைந்தேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. குகையின் பிரம்மாண்டமான வாயிலைக் கண்டு வியந்து, பேராசிரியர் சொன்னதைக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினோம். இறக்கத்தில் விரல்கள் காலணியின் முன்பக்கம் போய் இடித்துக்கொண்டே இருந்தன. பாதி தூரத்தில் ஒரு கல் உருண்டது. பாதத்தின் வெளிப்பக்கம் மெத்தைக்குள் ஆழ்ந்தது, உட்பக்கம் மேலெழுந்தது, கணுக்கால் மடங்கியது. மூன்றும் ஒரே நொடியில். பேராசிரியரின் தோளிலும் ஒரு நண்பனின் தோளிலும் கைபோட்டு, நொண்டிக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன. ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். நான்காம் வாரத்தில் கல்லூரிகளுக்கிடையேயான பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். மூன்றாமாண்டு மாணவனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. அன்று கயிற்றுக்கு வெளியே நின்று தோழர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. கால் கட்டோடு அவரிடம் அந்தக் காலணியை எடுத்துப் போனேன். அவர் அதை அமுக்கிப் பார்க்கவில்லை. இரு கைகளாலும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கினார், நன்றாகவே முறுக்கிக்கொண்டது. குதிகால் பகுதியை இரண்டு விரலால் நசுக்கினார்; காகிதம்போல் மடங்கியது. பிறகு பலகைமேல் வைத்து ஒரு பக்கமாகத் தட்டினார், சாய்ந்து விழுந்தது. "மெத்த மேல நின்னுகினு எவனாச்சும் வெறகு பொளப்பானா தம்பி? தூங்கறதுக்குத்தான் மெத்த" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து நான் படித்ததெல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கு உரை எழுதியதுபோலத்தான் ஆயிற்று.

ஓட்டக் காலணிக்கு மூன்று அடுக்குகள். பாதத்தைப் பொதிந்து பிடிக்கும் மேல்பாகம். தரையைப் பற்றும் ரப்பர் அடிச்சோல். இவ்விரண்டுக்கும் நடுவே நுரையாலான நடுச்சோல். மெத்தை என்று நாம் சொல்வது இந்த நடுச்சோலைத்தான். 1970-களின் நடுவில் எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் நுரை ஓட்டக் காலணிக்குள் வந்தது. சுருக்கமாக இ.வி.ஏ. என்பர். கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் கொண்ட பொருள் அது. கால் ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது எழும்புகிறது. எடையோ மிகக் குறைவு. அதற்கு முன் ரப்பரைத் தடிப்பாக வைத்தால் கால் இரும்பாகக் கனக்கும். மெல்லியதாக வைத்தால் கல் குத்தும். இ.வி.ஏ. வந்த பிறகுதான் சோலின் உயரம் ஏறத் தொடங்கியது.

பின்னர் 2009 அளவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. காலணியே தேவையில்லை, வெறுங்காலே சிறந்தது என்று ஒரு சாரார் மேலைநாடுகளில் முழங்கிய அதே காலத்தில், பிரான்சு நாட்டவர் இருவர் எதிர்த்திசையில் போனார்கள். நிக்கோலா மெர்மூ, ழான்-லுக் தியார் என்ற அவ்விருவரும் தொடங்கிய நிறுவனமே ஹோகா. ஆல்ப்ஸ் மலை இறக்கத்தில் வேகமாக ஓட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதற்காக அக்கால வழக்கத்தைவிட மிகத் தடித்த நடுச்சோலை வைத்தார்கள். கேலி செய்தவர்கள் பலர். ஆனால் நீண்ட மலையோட்டங்களில் அது நின்றது.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. தடித்த மெத்தை கல்லின்மேல் கணுக்காலை மடக்க வேண்டுமே, அவர்களுக்கு எப்படி நின்றது? அவர்கள் உயரத்தை மட்டும் கூட்டவில்லை. சோலின் அடி அகலத்தையும் சேர்த்தே கூட்டினார்கள். பாதத்தை மெத்தையின் மேலே ஏற்றி வைக்காமல், கிண்ணத்துக்குள் இறக்கியதுபோல் அமைத்து, சுற்றிலும் நுரையைச் சுவராக எழுப்பினார்கள். கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலைக்கு நடுவே அதன்மேல் எழுந்து நிற்க முடிகிறது; ஏனெனில் அது தாழ்வு, அகலம். அதே அலையில் உயரமான ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்றால் என்ன ஆகும்? என் காலணி அந்த முக்காலி. மெத்தைக் காலணி விலைபோகிறது என்றதும் உயரத்தை மட்டும் நகலெடுத்து, அகலத்தையும் சுவரையும் விட்டுவிட்டுச் செய்த சரக்கு அது.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அளவும் அகலமும். அளவு எண் என்பது நீளத்தைத்தான் சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர் பாதிக்கப்படுவது அகலத்தில். அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்தது. இந்தியரின் பாதம் பொதுவாக அகன்றது; ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் அதற்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்றொரு புதிய அளவுமுறையும் அதன் பயனாகப் பரிந்துரைக்கப்பட்டது. அகலம் போதாமல் நாம் செய்வது என்ன? ஓர் எண் கூட்டி வாங்குகிறோம். அப்போது குதிகால் ஆடுகிறது. ஆடாமலிருக்க நாடாவை இறுக்குகிறோம். இறுக்கினால் மேற்பாதம் வலிக்கிறது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்கு விரல்கள் விரிந்தே இருக்கும். என் தாத்தா கட்டுமரம் தள்ளியவர். அவருடைய பாதம் விசிறிபோல் இருக்கும். பத்து வயது வரை கடற்கரை மணலில் செருப்பில்லாமல் ஓடிய என் பாதமும் அந்த வகைதான். அதை மெலிந்த அச்சில் செய்த காலணிக்குள் திணித்தது என் குற்றம்.

கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் அதன் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்தக் காலணி உங்களுக்கு இல்லை. முன்னால் நெடுவிரலுக்கு அப்பால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். காலையில் போகாதீர்கள்; பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கிய மாலை வேளையில், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போங்கள். கடையில் படிக்கட்டு இருந்தால் நாலு படி இறங்கிப் பாருங்கள். விரல் முன்னே போய் இடித்தால், மலையில் நகம் கறுப்பது நிச்சயம். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் இறங்கத்தான் வேண்டும்; அவர் கட்டைவிரல் அல்லவே நசுங்குவது!

அடுத்தது பிடிப்பும் நிலைப்பும். பெரியவர் செய்தது போலவே நடுவில் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். குதிகால் கிண்ணம் விரலுக்கு எளிதில் மடங்கக் கூடாது. பின்னாலிருந்து பார்த்தால் சோலின் அடி, மேல்பாகத்தைவிட அகன்று இருபுறமும் வெளியே தெரிய வேண்டும். பிறகு அடிச்சோலின் பற்கள். சாலைக்கு மட்டும் என்றால் தட்டையான அடியே போதும். மண்ணும் சரளையும் கலந்த பாதைக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர்ப் பற்கள் வேண்டும். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் என்பது சேற்றுக்கு. அதைப் போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் ஓடினால் பற்கள் தேய்ந்து காசு கரையும். கூரிய கற்கள் மிகுந்த பாதைக்கென்று சிலவற்றில் நடுச்சோலுக்குள் மெல்லிய தகடு ஒன்று வைத்திருப்பார்கள். கல்லின் குத்தை அது பாதம் முழுவதற்கும் பரப்பிவிடும். தகடு இல்லாவிட்டால் நுரையாவது சற்றுக் கெட்டியாக இருத்தல் நலம்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கடைக்காரர்கள் 'டிராப்' என்பார்கள். சுழியம் முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். இதில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. ஆனால் பத்தில் பழகியவர் திடீரென்று சுழியத்துக்கு மாறினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நரம்பும் இழுத்துக்கொள்ளும். மாற விரும்புவோர் சில வாரங்களில் சிறிது சிறிதாக மாற வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பின்னரே மெத்தைக்கு வர வேண்டும். எவ்வளவு மெத்தை என்பதற்கு விடை உங்கள் தரையிடம் இருக்கிறது. முழுத் தூரமும் தாரும் சிமெண்டும் என்றால் தடித்த, மென்மையான மெத்தை நல்ல துணை. சாலையும் காட்டுவழியும் பாதிப்பாதி என்றால் தடிமன் இருக்கட்டும், மென்மை குறையட்டும். முழுதும் கல் என்றால் தாழ்ந்து, அகன்று, கெட்டியாக இருப்பதே காப்பு. முதுகில் பையைச் சுமந்து நடப்பவர் இன்னும் ஒரு படி கெட்டியாகவே எடுக்கலாம். சுமை ஏற ஏற மென்மையான நுரை ஒரு பக்கமாக அமுங்கும்.

அறிவியலார் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? லக்சம்பர்க் நாட்டில் 848 ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கி, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் காலணிகளில் ஒரு பிரிவுக்கு மென்மையானதும் மற்றதற்குக் கடினமானதும் கொடுத்து ஆராய்ந்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. கடினமானதை அணிந்தோர் காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. மெத்தையால் பயன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் எடை மிகுந்தவர்க்கே மெத்தை மிகுதியாக வேண்டும் என்று நாம் நினைப்பதற்கு மாறாக, எடை குறைந்தவர்க்கே அதிகப் பயன் தெரிந்தது. இன்னொன்று: ஈரக் காலைக் காகிதத்தில் பதித்து, உள்வளைவு எப்படி என்று பார்த்து அதற்கேற்பக் காலணி வாங்கச் சொல்லும் வழக்கம் உண்டு. அமெரிக்கப் படைப் பயிற்சியாளர் ஆயிரக்கணக்கானோரிடம் இதைச் சோதித்தபோது, அவ்வாறு கொடுத்ததால் காயம் குறையவில்லை. போட்டு ஓடிப் பார்த்து, எது காலுக்கு இதமோ அதை எடு என்பதுதான் இத்துறையினர் பலரும் இன்று சொல்வது. நான் அதோடு ஒன்று சேர்ப்பேன்: இதம் என்பதைக் கடையின் பளிங்குத் தரையில் நின்று முடிவு செய்யாதீர்கள்.

"வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் வெறுங்காலோடுதானே ஏறுகிறார்கள்?" என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை மடக்கினார். உண்மைதான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் முழுவதையும் வெறுங்காலால் ஓடி வென்றார். நம் நாட்டின் சிவநாத் சிங், 1978-ல் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தவர், வெறுங்கால் ஓட்டத்துக்கே பேர் போனவர். ஆனால் அந்தப் பாதங்கள் சிறு வயதிலிருந்தே உரம் ஏறியவை. பிகிலாவும் 1964 டோக்கியோவில் காலணி அணிந்து ஓடித்தான் மறுபடியும் வென்றார். அந்தச் செய்தியைச் சொன்னதும் பேராசிரியர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். எந்த நுரையும் நிலையானதன்று. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அதன் எழும்பும் ஆற்றல் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. வாரம் முப்பது கிலோமீட்டர் ஓடினால் நான்கு முதல் ஆறு மாதம். மாணவருக்கு இது பெருஞ்செலவு. செய்யாறு சிப்காட்டில் உலகச் சந்தைக்கான நைக்கி காலணிகளை நம் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் உருவாகும் பொருளை நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வருகிறோம்! நடையையும் ஓட்டத்தையும் தவிர வேறெதற்கும் அதை அணியாதிருந்தால் ஆயுள் கொஞ்சம் நீளும். நடுச்சோலின் பக்கவாட்டில் நிரந்தரமான சுருக்கங்கள் விழுந்துவிட்டால் முடிந்தது என்று பொருள். மேல்பாகம் புதிதாக இருந்தாலும் ஏமாற வேண்டாம். பாதி விலை என்று பல ஆண்டுப் பழைய இருப்பை வாங்குவதும் ஆபத்து. குறிப்பாகப் பாலியூரித்தேன் சோல் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, அணிந்த சில நாளில் உதிரும். எங்கள் கடற்காற்றுக்கு இது நன்றாகத் தெரிந்த வேலை. தண்ணீர் புகாத உறை வைத்தது என்று கூடுதல் விலை சொல்வார்கள்; நம் வெப்பத்துக்கு அது வேண்டாம். ஓடையில் மேற்புறமாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குளமாக நிற்கும். வலைத்துணி மேல்பாகம் நனையும். ஆனால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். காலுறையில் பருத்தியைத் தவிர்க்கலாம். வியர்வையில் ஊறிக் கொப்புளம் உண்டாக்குவது அதுதான்.

கால் தேறியபின் பெரியமேட்டுக்குப் போனேன். தோல் மண்டிகளும் விளையாட்டுப் பொருள் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும் இடம். ஆறு கடை ஏறி இறங்கி, முறுக்கி, நசுக்கி, அட்டைமேல் நின்று பார்த்து, ஏழாவது கடையில் ஒன்றை எடுத்தேன். அளவு ஒன்பது, விரல் பகுதி அகலம், நான்கு மில்லிமீட்டர்ப் பற்கள், மெத்தை நடுத்தரம், அமுக்கினால் எளிதில் அமுங்காது. விலை இரண்டாயிரத்து இருநூறு. பெட்டியில் மலைப்படம் இல்லை. நாடாவைக் கடைசித் துளை வரை கொண்டுபோய், ஒரு சிறு வளையம் விட்டு, எதிர் நாடாவை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டக் கற்றுக்கொண்டேன். குதிகாலை அது பின்னாலேயே நிறுத்திவிடுகிறது. இறக்கத்தில் விரல் முன்னே ஓடுவதில்லை.

பயிற்சித் தேர்வு முடிந்ததும் இளையவர்களை அழைத்துக்கொண்டு பேராசிரியர் மறுபடி குடியம் சென்றபோது நானும் உடன் போனேன். அதே இறக்கத்தில் ஒரு கல் உருண்டது. கால் அதனோடு உருளவில்லை. பாதத்துக்குக் கீழே கல்லின் வடிவம் தெரிந்தது. தெரிந்ததால் எடையை மாற்றி வைக்க முடிந்தது. முந்தைய காலணியில் கீழே கல் இருப்பதே எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: இந்தக் காலணியில் திருவொற்றியூர் போய்த் திரும்பினால், பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தரை கடினமாகத்தான் இருக்கிறது. இரண்டு தரைக்கும் ஒரே காலணி என்பது இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான்.

பழைய மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் காலணி பல நாள் கட்டிலுக்கடியில் கிடந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலாம். என் அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் இரவுக் காவல். சிமெண்டுத் தரையில் பத்து மணி நேரம் நிற்கும் வேலை. அவருக்கு மெலிந்த பாதம், அளவு எட்டு. ஒருநாள் மாலை, செருப்பு அறுந்துபோகவே, அவர் அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விடிந்ததும் வந்து வாசற்படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "டேய், இது நல்லா சொகுசா கீதுடா. உனுக்கு வாணாமா?" என்று கேட்டார்.